தீப்பெட்டியில் வந்த முகம்

"டீச்சர், இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க."

சீனிராஜ் ஒரு பழைய தீப்பெட்டி லேபிளை நீட்டினார்.

அவர் முதன்முதலாகக் கோவில்பட்டி ஹாக்கி அணிக்கு ஆடிய வருஷம், ஊர்த் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு லேபிள் அடித்தது. இந்த லேபிளில் பெயர் சீனிராஜ். முகம் கூட ஆடிய குருவையாவுடையது.

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு பேருக்கும் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சீனிராஜைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அறுபத்தெட்டு வயது சீனிராஜ் இன்றுவரை அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

"குருவையா லட்சணமாத்தான் இருக்கான்," என்றார் டீச்சர்.

சீனிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினாறு வருஷம் ஆடுனேன் டீச்சர். மாநிலத்துக்கு ஆடுனேன், ரயில்வேக்கு ஆடுனேன். அவன் ஆடுனது அந்த ஒரே வருஷம். முட்டி போச்சு, சைக்கிள் கடை வச்சிட்டான். இப்ப கிளப்போட ஆண்டு மலர்ல இந்த லேபிளை முழுப் பக்கத்துக்குப் போடப்போறாங்க. என் பேருக்கு மேல அவன் மூஞ்சியா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திருவாங்க."

"குருவையா என்ன சொல்றான்?"

"அவன் என்னத்தச் சொல்லுவான்? சிரிக்கான்."

டீச்சர் உள்ளே போய் ஒரு மட்டையும் பந்தும் கொண்டுவந்தார். மட்டையைச் சீனிராஜ் கையில் கொடுத்தார். பந்தை வீட்டு வளவின் அந்தக் கோடியில், முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். வாசல் கேட்டைக் காட்டினார்.

"அதுதான் கோல். நின்ன எடத்துலேயே நின்னு அடி."

"பந்து அங்கல்லா கெடக்கு டீச்சர்?"

"ஆமா."

"இங்க வந்தாத்தான அடிக்க முடியும்?"

"ஏம்ல, அந்த வருஷம் பதினோரு கோல் அடிச்சியே. பந்து தானாவா வந்துச்சு?"

சீனிராஜ் தன்னை அறியாமல் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம்தான் குருவையா ஓடி வருவான். நாலு பேரை ஏமாற்றிவிட்டு, "சீனி, இந்தா!" என்று கத்துவான். பதினோரு தடவையும் அப்படித்தான் கத்தினான். மறுநாள் பேப்பரில் சீனிராஜ் பேர் வரும். அதையும் அவன்தான் முதலில் வாங்கிவந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவான்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் பார்க்காததுபோல முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தார்.

சீனிராஜ் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, மலர் போடுகிறவருக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்த லேபிள்ல ஒரு தப்பு இருக்கு."

"தெரியும்ண்ணே. உங்க படத்தை அனுப்புங்க, மாத்திருதோம்."

"படம் சரிதான்ப்பா. பேரை மாத்து."