சிவப்பும் பச்சையும் சந்தித்த இடம்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மரபணுப் பரிசோதனைக் கூடத்துக்குச் சிவப்பு, பச்சை என்று இரண்டு ஒளிச்சாயங்கள் புதிதாக வந்து சேர்ந்தன. செல்லுக்குள் போய் விலாசம் கண்டுபிடிப்பதுதான் இரண்டுக்கும் வேலை. சிவப்பு ஒன்பதாம் குரோமோசோமில் தன் மரபணுவைத் தேடி ஒட்டிக்கொள்ளும். பச்சை இருபத்திரண்டாவதில் ஒட்டிக்கொள்ளும். நோயில்லாதவர்களின் ரத்தத்தில் சோதித்துப் பார்த்தபோது இரண்டும் அநேகமாகச் சந்திக்கவே இல்லை.

அன்று மினி பஸ் ஓட்டும் தங்கமாரியின் ரத்தம் வந்தது. வெள்ளணுக்கள் கணக்கில்லாமல் பெருகியிருந்தன. அவர் மனைவி பூரணம் டாக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“மாத்திரையில சரியாயிருமா டாக்டரம்மா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ரத்தப் புற்றுநோயில பல வகை இருக்கும்மா. மரபணுவுல ஒரு குறிப்பிட்ட பிசகு இருந்தாத்தான் அந்த மாத்திரை கேக்கும். ரிசல்ட் வரட்டும்.”

சாயங்கள் செல்லுக்குள் நுழைந்தன. சிவப்பு ஒட்டிக்கொண்டதுமே யாரோ இடித்தார்கள்.

“யாருப்பா அது?”

“நான்தான் பச்சை. என் வீட்டுல உனக்கென்ன வேலை?”

“உன் வீடா? நல்லா இருக்கே கதை! என் மரபணுவைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன்!”

இரண்டும் விடவில்லை. இரு ஒளியும் கலந்து அங்கே மஞ்சளாக மின்னியது.

நுண்ணோக்கி அலட்டிக்கொள்ளவில்லை. “செல்லைக் கண்ணாடியில தட்டையாப் பரப்பினா, தள்ளித் தள்ளி இருக்கிற நிறம்கூடச் சில சமயம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த மாதிரி தெரியும். ஒரு செல்லை நம்பி மனுஷனுக்கு மருந்து கொடுக்க முடியுமா?”

பரிசோதகர் ரெஜினாவும் அதே ஜாதி. கண் வலிக்க வலிக்க இருநூறு செல்களைப் பார்த்தாள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மஞ்சள். பாதி வழியிலேயே சாயங்கள் சண்டையை நிறுத்திவிட்டன.

“உன் மேல தப்பில்ல” என்றது பச்சை. “ஒன்பதுல ஒரு துண்டு ஒடிஞ்சு இங்க வந்து ஒட்டியிருக்கு. உன் மரபணுவும் என் மரபணுவும் ஒண்ணா சேர்ந்துடுச்சு.”

“சேர்ந்துதான் ‘பெருகு, பெருகு’ன்னு ஓயாம உத்தரவு போடுதுங்களா?”

“ஆமா. அந்தச் சத்தம் எனக்கே கேக்குதே!”

செய்தி மாத்திரைக்குப் போனது. பக்கத்திலிருந்த கீமோதெரபி ஊசிமருந்து சிரித்தது. “நான் போனா வேகமாப் பெருகுறது எதுவும் தப்பாது. நீ என்ன கிழிப்பே?”

“அந்த உத்தரவு போடுற வாயைப் பொத்துவேன். அதுக்காகத்தான் என்னைச் செஞ்சாங்க” என்றது மாத்திரை.

கதை சொல்கிற எனக்கு இந்த அடக்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது. மாத்திரை தினமும் தங்கமாரியின் உடம்புக்குள் போய், பேசாமல் அந்த ஒரு வேலையைச் செய்தது.

ஒரு வருஷம் போனது. தங்கமாரி மறுபடி ரத்தம் கொடுத்தார். பூரணம் வெளியே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கள் உள்ளே போயின. சிவப்பு தன் இடத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தது. இருநூறு செல்களில் எதிலும் பக்கத்தில் யாருமில்லை.

“பச்சை! எங்கே இருக்கே?”

எங்கோ தொலைவிலிருந்து குரல் வந்தது.

“என் வீட்டுலதான். நீ இந்தப் பக்கம் வந்துடாதே!”