பட்டுப் போர்த்திய கணிப்பொறி

“சைக்கிளானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, மிதிச்சாத்தான்… என்னமோ சொல்வாரு எங்கப்பா. மீதி மறந்துபோச்சு சாமி.”

“மறந்தது நல்லதாப் போச்சு,” என்றார் குரு.

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, குருவின் உரைகளைக் கணிப்பொறியில் ஏற்றிக் கொடுப்பவர். வயதில் குருவுக்கு மூத்தவர்.

“எம் பொண்ணு நிறைமதி டாக்டர் நுழைவுத் தேர்வு ரெண்டு தடவை எழுதிட்டா. பள்ளிக்கூடத்துல முதல் ஆளா வந்தவ. இப்போ ஒரே பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருக்கா. நாளைக்குப் பயிற்சி விடுதியில கொண்டுபோய் விடறேன். விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி உக்கார வெச்சிடுவாங்களாம். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்.”

“பண்ணிடலாம். மொதல்ல இந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்கய்யா. ஒரு எழுத்தைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டு வரலாம்போல இருக்கு.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

“பாக்காம இருப்பேனா? வேண்டாததை எல்லாம் அழிச்சேன். வைரஸ் இருக்கான்னு தேடினேன். போன வாரம் உங்க உரைகளைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, விண்டோஸையே புதுசா ஏத்தினேன். இன்னும் என்னதான் செய்யறது? சோம்பேறி மெஷின் சாமி.”

“தொட்டுப் பாத்தீங்களா?”



குரு எழுந்து மேசையருகே போனார். கணிப்பொறிப் பெட்டியின் மேல் மஞ்சள் பட்டு. தூசி படக்கூடாதென்று தணிகாசலம் போர்த்தியது. பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். குருவின் வார்த்தை குடியிருக்கிற இடமாயிற்றே என்று, வரும்போதெல்லாம் அதற்குச் சாம்பிராணி காட்டுவார்.

குரு பட்டை விலக்கினார். தணிகாசலத்தின் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

கை தானாகவே விலகிக்கொண்டது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே விசிறியின் இறக்கைகளில் சாம்பிராணிப் பிசுக்கு. அதன்மேல் கம்பளிபோலத் தூசி. காற்று போக வழியே இல்லை.

“நான் காட்டின புகைதான்,” என்றார் தணிகாசலம்.

“ஆமாம்.”

“பட்டும் நான் போர்த்தினதுதான்.”

“நல்ல பட்டு.”

தணிகாசலம் ஒரு பிரஷ்ஷை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்த குரு கேட்டார்:

“ஒண்ணுதான் எனக்குப் புரியல. இவ்வளவு சூட்டுல இது எப்பவோ எரிஞ்சுபோயிருக்கணுமே?”

“எரியாது சாமி. சூடு தாங்கலேன்னா, கருகிடாம இருக்கறதுக்காக அதுவே தன் வேகத்தைக் கொறைச்சுக்கும். நாமதான் அதைப்போய்ச் சோம்பேறின்னு…”

பிரஷ் நின்றது.



“ஆசீர்வாதம் கேட்டீங்களே,” என்றார் குரு. “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?”

தணிகாசலம் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். செல்போனை எடுத்தார். விடுதிக்காரரைக் கூப்பிட்டு, மகள் வரமாட்டாள் என்று சொன்னார்.