படத்தில் இருந்த புலி

மூங்கில் காட்டில் ஒரே கூச்சல். யானைக்குட்டி ஒன்றைப் புலி கொன்றுவிட்டது. மனிதர்கள் மரத்தில் கட்டிவைத்திருந்த கேமரா, குட்டியின் மேல் பாய்ந்த புலியைப் படம் பிடித்திருந்தது. வனக்காவலர் தவறவிட்ட அந்தப் படத்தை நரி கவ்விக்கொண்டு வந்தது.

"பாருங்கள்! மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி! குகையில் இருக்கிறாளே, அந்தப் பெண்புலிதான்! காட்டைவிட்டே துரத்துங்கள்!" என்றது நரி.

பெண்புலிக்கு இரண்டு குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. தாயைத் துரத்தினால் அவை யார் வாய்க்குப் போகும் என்று நரிக்கு நன்றாகத் தெரியும்.

தாய் யானை அழுதுகொண்டே துதிக்கையை ஓங்கியது. "ஐயோ, அது நான் இல்லை!" என்றது பெண்புலி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிங்காரி என்ற புள்ளிமான் படத்தை எட்டிப் பார்த்தது. அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன அநியாயம் இது! வரி இருந்தால் எல்லாம் ஒரே புலியா? போன கோடையில் சிங்காரியின் அக்காவைத் தின்றது இதே பெண்புலிதான். பேசாமல் நின்றால் பழி தீர்ந்துவிடும். ஆனாலும் சிங்காரியால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்கள்! கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள்?" என்று கத்தியது. "ஒரு புலிக்கு உள்ள வரி இன்னொன்றுக்கு இருக்காது! ஏன், ஒரே புலிக்கே இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி! படத்தில் இருப்பது வலப்பக்கம். ஏய் புலி, திரும்பி நில்!"

பெண்புலி திரும்பி நின்றது.

"படத்தில் தோளுக்குப் பின்னால் மூன்றாவது வரி முழுசாக இறங்குகிறது. இவளுக்கு அது பாதியிலேயே இரண்டாகப் பிரிகிறது. இது வேறு புலி!"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று நரி சீறியது.

"என் அக்காவை இவள் தின்று முடிக்கும்வரை புதருக்குள் நின்று பார்த்தவள் நான்! அந்த வரி எனக்கு மறக்குமா?"

தாய் யானை படத்தையும் பெண்புலியையும் மாறி மாறிப் பார்த்தது. ஓங்கிய துதிக்கை இறங்கியது. பிறகு நரியின் பக்கம் திரும்பியது. நரி எடுத்தது ஓட்டம்!

"உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?" என்று கேட்டது பெண்புலி.

"ஒன்றும் வேண்டாம்!" என்றது சிங்காரி. "நாளைக்கு நீ துரத்தத்தான் போகிறாய், நான் ஓடத்தான் போகிறேன். அது வேறு, இது வேறு!"

நமக்கு ஆகாதவர் மேல் என்றாலும், வீண்பழி விழும்போது உண்மை தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.