பந்தியில் உப்பு சுற்றிய கதை

"எனக்குப் பெரிய மெஷின் ஒண்ணு வேணும்மா," என்றார் சிற்றம்பலம்.

மடத்தின் தலைவி குருவம்மா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. "இருக்கறதுக்கு என்ன?"

"திணறுது."

அந்த மடத்துக்கு மூன்று கிளை. மலையில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கணினி சர்வர். சீடர்கள் அவரவர் இடத்தில் இருந்தபடியே சேர்ந்து நூல் எழுதுவதும், முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான்.

மலை சர்வர் சிற்றம்பலத்தின் பொறுப்பு. தலை நரைத்த மூத்த சீடர். ஆற்றங்கரையில் மங்கை, நேற்று வந்தவள். கடற்கரையில் உலகநாதன்.

கொஞ்ச நாளாகப் பேச்சு பாதியில் அறுந்தது. முகங்கள் திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றன. இந்த நேரம் பார்த்து, மூன்று சர்வரையும் ஒரே கையில் ஒப்படைக்கப் போவதாகக் குருவம்மா சொல்லியிருந்தார். அது மங்கையின் கையாகிவிடுமோ என்று சிற்றம்பலத்துக்குத் தூக்கமே இல்லை.

"மங்கை மெஷின் மட்டும் ஓடுதே?" என்றார் குருவம்மா.

"அது சும்மா கிடக்குதும்மா. பாரமெல்லாம் என் தலையில."

"அவ உலகநாதனுக்கு ஒரு சேதி அனுப்பினா எப்படிப் போகும்?"

"மலைக்கு வந்து, என் சர்வர் வழியாக் கீழே போகும்."

"ரெண்டு பேருக்கும் நேர்வழி இல்லையா?"

"இருந்துது. நான்தான் அடைச்சேன். பாதுகாப்புக்கு."

அது பாதி உண்மை. மீதியை அவர் சொல்லவில்லை. முன்பெல்லாம் உலகநாதன் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்பான். மங்கை வந்தபின் அவளைக் கேட்டான். இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று இவரால் படிக்க முடியாது. எல்லாம் மலை வழியாகப் போவதால், எவ்வளவு பேசுகிறார்கள் என்று மட்டும் திரையில் ஒரு கோடு ஏறிக் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். வயிறு எரியும். பார்க்காமலும் இருக்க முடியாது.

குருவம்மா சரத்தை முடிந்து வைத்தார்.

மறுநாள் குருபூஜை. மூன்று கிளையும் ஒரே பந்தியில். யாருக்கு எது வேண்டுமானாலும் சிற்றம்பலம் கை வழியாகத்தான் போக வேண்டும், பக்கத்து இலைக்காரர்கூட நேராகக் கொடுக்கக் கூடாது என்று குருவம்மா சொல்லிவிட்டார்.

சிற்றம்பலத்துக்கு உச்சி குளிர்ந்தது. பொறுப்பு யாருக்கு என்று இதிலேயே தெரிந்துவிட்டதே. மங்கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

சாம்பார் வந்தது. கொடுத்தார். அது போவதற்குள் ரசம். அதற்குள் இன்னொருவர் கூட்டு கேட்டார்.

"அண்ணே, என் அப்பளம் இன்னும் மலை ஏறிக்கிட்டு இருக்கா?" என்றான் ஒருத்தன். பந்தியே சிரித்தது.

உலகநாதன் உப்பு கேட்டான். கிண்ணம் பக்கத்து இலையில், மங்கையிடம் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அது கைமாறிக் கைமாறி, மறுகோடியில் இருந்த சிற்றம்பலத்திடம் புறப்பட்டது. உலகநாதன் பிசைந்த சோற்றோடு காத்திருந்தான்.

கிண்ணம் சிற்றம்பலத்திடம் வந்தபோது அதன் பின்னால் மோரும் ஊறுகாயும் வரிசை கட்டி நின்றன. அவருடைய இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"அவங்களே கொடுத்து வாங்கிக்கட்டும்மா."

குருவம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கிக்கலாம். எவ்வளவு கொடுத்துக்கிட்டாங்கன்னு உனக்குத் தெரியாமப் போயிருமேப்பா."

பந்தியில் யாருக்கும் அது விளங்கவில்லை.

சிற்றம்பலத்தின் காது சிவந்தது. கிண்ணத்தோடு எழுந்தார். பந்தி முழுவதும் நடந்து போய், மங்கை இலைக்கும் உலகநாதன் இலைக்கும் நடுவில் அதை வைத்தார்.

"இங்கேயே இருக்கட்டும்மா," என்றார் மங்கையிடம்.