கேக்கலைம்மா

அந்த ஊர் முன்சீஃப் கோர்ட்டில் கறுப்பு கவுன் போட்ட முதல் பெண் கோமதிநாயகி. இரண்டாவது எஸ்தர். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன்பிறகு சட்டம் படித்து அவரிடமே ஜூனியராக வந்தவர். சீனியரைவிட ஒன்பது வயது மூத்தவர். அதனால் கோமதிநாயகி அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

திங்கட்கிழமை கோர்ட்டிலிருந்து திரும்பிய எஸ்தரின் முகம் சிவந்திருந்தது. கட்சிக்காரி பேச்சியம்மாளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று தடை கேட்கப் போனவர். நீதிபதி காகிதக் கட்டிலிருந்து தலை நிமிராமல், கேட்கவில்லை என்றாராம். குரலை உயர்த்தினால், கத்தாதீர்கள் என்றாராம். தணித்தால் மறுபடி கேட்கவில்லையாம். இப்படியே பத்து நிமிஷம் போனதும் வழக்கை வியாழனுக்குத் தள்ளிவிட்டார். அன்றும் தடை கிடைக்காவிட்டால், வெள்ளிக்கிழமை காலை கோர்ட் அமீனா வந்து பேச்சியம்மாளின் சட்டிபானையைத் தெருவில் வைத்துவிடுவார்.

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய தொண்டைக்கு இந்தக் கதியா என்று எஸ்தருக்கு அழுகையே வந்தது.

"எந்த அளவுலதான் பேசணும், சீனியர்?"

கோமதிநாயகி கேஸ் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை தானே வருவதாக மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்தார். காகிதத்தைப் புரட்டினார், கையை ஆட்டினார், வாயை அசைத்தார். சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்ற எஸ்தர் அவர் வாயையே பார்த்தார்.

"கேக்கலைம்மா," என்றார் நீதிபதி, எழுதிக்கொண்டே.

கோமதிநாயகி மறுபடியும் வாயை மட்டும் அசைத்தார்.

"கேக்கலைன்னா, அதுக்காக இப்படியா கத்துறது?" என்றார் நீதிபதி, இன்னும் நிமிராமல்.

வழக்கைக் கூப்பிட்ட டவாலி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இருமுவதுபோல் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்தேவிட்டார். நீதிபதி அப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரம்பிக்கட்டுமா, யுவர் ஆனர்?" என்று கேட்டார் கோமதிநாயகி, சாதாரணக் குரலில்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட நீதிபதியின் காதுக்குத் தப்பவில்லை. கால் மணி நேரத்தில் தடை உத்தரவு கிடைத்தது. பேச்சியம்மாள் அடுப்பு மூட்ட வீட்டுக்கு ஓடினாள்.

வராந்தாவில் எஸ்தருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இனிமே நாம பேசுனா கேக்கும், இல்லையா சீனியர்?"

கோமதிநாயகி கவுனைக் கழற்றி மடித்தார்.

"இவருக்குக் கேக்கும், டீச்சர். நான் கேக்க வெச்ச ஏழாவது ஜட்ஜ் இவர். அடுத்த மாசம் மாற்றலாகிப் போறார். எட்டாவது ஆளை நீங்க பாத்துக்கோங்க."