மாடத்தி பேசவில்லை

"சார், மாடத்தி பேர இனிமே கூப்பிடாதீங்க."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள் பிரிசில்லா. குற்றவியல் சட்டம் நடத்தும் கோமதிநாயகம் சார் வருகைப் பதிவை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா?"

"அவதான் ஹாஸ்டல காலி பண்ணிட்டு ஊருக்குப் போய்ட்டாளே. நீங்க தெனமும் அவ பேரக் கூப்பிட்டுட்டு, பதில் வருதான்னு பாக்கீங்க. எனக்குத் தாங்கல சார்."

"டி.சி. வாங்கலையே. வரமாட்டேன்னு எங்கிட்ட அவ சொல்லவும் இல்ல."

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நாங்கதான் சார் அவள விரட்டுனோம்."

நடந்தது இதுதான். ஹாஸ்டலில் ஷைலஜா என்ற பெண்ணின் சங்கிலி காணாமல் போயிற்று. வார்டனிடம் சொல்லியிருக்கலாம். மூன்றாம் வருஷம் சட்டம் படிக்கிற மேதைகள், சொல்வார்களா? அறைக்குள்ளேயே கோர்ட்டைக் கூட்டிவிட்டார்கள். கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி நீதிபதி. வாயாடி என்று பேரெடுத்த பிரிசில்லா அரசு வக்கீல். குற்றவாளிக் கூண்டு என்று இரண்டு கட்டில்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டவள், ஷைலஜாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த மாடத்தி. அவளுக்கும் ஒரு வக்கீல் வேண்டுமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பிறகு, சங்கிலி ஷைலஜாவின் பையிலேயே கிடைத்தது, கிழிந்த உள்துணிக்குள். அதற்குள் மாடத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள்.

"அன்னிக்கு அவ என்ன சொன்னா?" என்று கேட்டார் சார்.

"ஒண்ணும் சொல்லல சார். தலையக் குனிஞ்சுட்டே நின்னா."

"நீ?"

"எடுக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிருக்க மாட்டாளா, அதான் தெரியுதேன்னு சொன்னேன்."

சார் வருகைப் பதிவை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவன் பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு பரீட்சைல கேட்டிருந்தேன்."

"பேசாமல் இருப்பது அவன் உரிமை. அதை வைத்து அவன் குற்றவாளி என்று முடிவு செய்யக்கூடாது."

ஒப்பித்துவிட்டாள். கடைசி வார்த்தை வரும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"நல்லா எழுதிருந்த. முழு மார்க் போட்டேன்."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை.

"ஃபோன் பண்ணேன் சார். மன்னிப்பு கேக்கத்தான். எடுக்க மாட்டேங்கா. என்னைய அவ மன்னிக்கவே மாட்டா. இங்க வரவும் மாட்டா."

"அப்படிச் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல சார். அதான் தெரியு..."

பாதியில் நின்றுவிட்டாள்.

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிரிசில்லாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ ஊருக்கு ஒரு எட்டு போய்ட்டு வரட்டுமா சார்?"

"போனா, அவ என்ன சொல்லுவா?"

அவள் யோசித்தாள்.

"தெரியல சார்."

"அப்பப் போ."