ஸ்பூக்கியா ஒரு சத்தம்

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், படங்களுக்குக் காலடி, கதவு, மழை என்று எல்லாச் சத்தத்தையும் கையாலேயே செய்து கொடுப்பவள் பூங்காவனம். அன்று அவளுக்கு வாய்த்தவர் டைரக்டர் திரவியராஜ். மனுஷன் மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவள் செய்த சத்தத்தையெல்லாம் கொட்டாவி விட்டே ஒதுக்கினார்.

"நரி ஊளையும் வேணாம், கதவு கிறீச்சும் வேணாம். எனக்கு ஸ்பூக்கியா வேணும். அர்த்தம் தெரியுமாம்மா? ஆளே கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனா முதுகு சில்லுன்னு ஆகணும். நான் எதுக்கும் பயப்படாதவன். என்னையே நடுங்க வைக்கணும். முடியலேன்னா சொல்லிடு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"சாமான் எடுத்துட்டு வரேன் சார்" என்று பூங்காவனம் வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. டொக். பின்னாலேயே ஒரு செருப்பு தரையில் இழுபட்டது. சர்ர்ர். அப்புறம் கதவுக்கு வெகு பக்கத்தில் கனமாக ஒரு கனைப்பு.

திரவியராஜ் துள்ளி எழுந்தார். சிகரெட்டைக் காபிக்குள் போட்டார். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க முதலாளி! படம் முடிஞ்ச மாதிரிதான், உங்களைப் பார்க்கத்தான் கிளம்பிக்கிட்டிருந்தேன்..."

வெளியே தயாரிப்பாளர் இல்லை. கையில் துடைப்பக் கட்டையும் ஒற்றைச் செருப்புமாகப் பூங்காவனம் நின்றிருந்தாள்.

"இது போதுமா சார்? இல்லே, இன்னும் கொஞ்சம் பக்கத்துல வரட்டுமா?"